குசினிக்குள் நின்ற மான்

“வேறை ஏதும் நிக்குதோ அன்ரி? ஆடு, பன்றி, குளம்பு பிளந்த எதெண்டாலும்?” என்று படலையடியில் நின்று அந்த மிருக வைத்தியர் பிள்ளை கேட்டபோது, என்னுடைய குசினிக்குள் ஒரு மான்குட்டி நின்றுகொண்டிருந்தது. கதவைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். “ஒண்டும் இல்லைப் பிள்ளை. ரெண்டு கோழி நிக்குது, அதுகளுக்குக் குளம்பு இல்லை” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். பொய் சொல்ல வேண்டி வந்தால் எனக்கு இப்படித்தான், எங்கிருந்தோ ஒரு பகிடி வாயில் வந்து குந்திவிடும். துஷாந்தினி என்று தன் பெயரைச் சொன்னாள். முப்பது வயதுகூட இராது. முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஊசிமருந்து வைத்த ஐஸ் பெட்டி. கையிலிருந்த தாளில் என் வீட்டுக்கு நேரே ஒரு கோடு கீறினாள்.

அதோடு போயிருக்கலாம். போகவில்லை. கோப்பாய்ச் சந்திக்கு அந்தப் பக்கம் இரண்டு மாட்டுக்குக் கால் வாய் நோய் வந்துவிட்டது, அதனால்தான் சுற்றிவர எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டு வருகிறேன், இப்போதுதான் பக்கத்து வீட்டு அம்மாவின் மாட்டுக்குப் போட்டேன் என்றாள். வாயிலும் நாக்கிலும் கொப்புளம் வரும், நூல் நூலாக வீணீர் வடியும், குளம்புக்கிடையில் புண் வந்து நொண்டும். பெரிய மாடு தப்பினாலும் பால் நின்றுவிடும், வயிற்றில் கன்று இருந்தால் கரைந்துவிடும். குட்டிகளென்றால் நெஞ்சில் தாக்கிச் சடாரென்று போய்விடும். “வாய்நீர் ஒரு சொட்டுக் காணும் அன்ரி. திண்ட வாளி, மிதிச்ச செருப்பு, சைக்கிள் சில்லு எல்லாத்திலையும் ஒட்டிக்கொண்டு போகும். ஊசி பிடிக்க ரெண்டு கிழமை செல்லும். அதுக்கு முதலே உள்ளுக்குப் போயிட்டுதெண்டால் ஊசி போட்டும் பிரயோசனம் இல்லை.”

விடியப்புறம் குட்டியின் வாயிலிருந்து நூலாக ஒன்று தொங்கியதை நான்தான் என் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். முள்ளுக் குத்தியிருக்கும் என்று நினைத்தேன். வாளி என்ற சொல்லைக் கேட்டதும் என் கண் குசினி வாசலுக்குப் போயிற்று; அங்கே எப்போதும் இருக்கிற வாளி இல்லை.

மான்குட்டி வந்த கதையைச் சொல்ல வேண்டும். என் மகன் றஜிந்தன் மாட்டு லொறி ஓடுகிறவன். முல்லைத்தீவுப் பக்கமிருந்து மாடு ஏற்றிக்கொண்டு வருவது. பன்னிரண்டு நாளைக்கு முதல் ஒட்டுசுட்டான் காட்டோரம் சில்லுக்குக் காற்றுப் போய் லொறியை நிறுத்தியிருக்கிறான். அங்கே ஒரு பெண் மான் கட்டுத்துவக்கில் அடிபட்டுச் செத்துக் கிடந்தது. அந்தத் துவக்கைக் காட்டுக்குள் பாதையோரம் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள், கம்பியில் கால் தட்டினால் தானாக வெடிக்கும். மானென்றும் பார்க்காது, விறகு பொறுக்கப் போன மனிசரென்றும் பார்க்காது. தாயின் மடியை இந்தக் குட்டி முட்டிக்கொண்டு நின்றதாம். விட்டுவிட்டு வர மனம் வரவில்லை, தூக்கி மாடுகளுக்கு நடுவில் விட்டுக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு மாதக் குட்டி. “ரெண்டு நாள் பாலைக் குடுத்துத் தேத்துங்கோ அம்மா, பிறகு எங்கையெண்டாலும் குடுப்பம்” என்றான். அந்த இரண்டு நாள் பன்னிரண்டு நாளானது. எங்கே கொடுப்பது? வனசீவராசித் திணைக்களத்துக்குப் போன் எடுத்துப் பேசினால் முதல் கேள்வி, தாய் எங்கே என்பதுதான். தாயைச் சுட்டவனே நீதான் என்று எழுதினால் யார் இல்லையென்பது?

மானை வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்கிற இந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு நல்ல கோபம் உண்டு, சொல்லாமல் விட மாட்டேன். சட்டம் பிழையில்லை, மானைக் காப்பாற்றத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஒழுங்கைக்கே வன்னியிலிருந்து மான் இறைச்சி வருகிறது. கறுத்தப் பையில் வரும், ஆட்டிறைச்சி என்று பெயர், வாங்குகிற வீடெல்லாம் எனக்குத் தெரியும். இன்றைக்கு வரைக்கும் ஒருத்தரும் பிடிபட்டதில்லை. உயிரோடு ஒன்றைத் தூக்கி வந்து சூப்பிப் போத்தலில் பால் பருக்கினவன்தான் ஒளிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் றஜிந்தனுக்கு ருமேனியாவில் வேலை சரிவந்திருந்தது. மெடிக்கல் முடிந்து, பொலிஸ் றிப்போட் மட்டும்தான் மிச்சம். பதினெட்டாம் திகதி அதற்குப் போக வேண்டும். பெயரில் ஒரு வழக்கு விழுந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. என் புருசன், இவர், செத்து ஆறு வருசம், இந்த வீட்டில் நிமிர்ந்து நடக்க இருக்கிற ஒரு பிள்ளை அவன்.

குட்டி குடித்த பால் பக்கத்து வீட்டு ஞானக்காவின் பால். ஞானாம்பிகை என்று முழுப்பெயர், அறுபது தாண்டிவிட்டது, கலியாணம் கட்டவில்லை, உலகத்தில் அவவுக்கு இருப்பது சிவப்பி என்ற அந்த ஒரு மாடுதான். காலையும் பின்னேரமும் ஒழுங்கைக்குப் போத்தல் பால் கொடுத்து அதில்தான் சீவியம். சிவப்பிக்கு வயிற்றில் ஐந்து மாதம். எங்களுக்கிடையில் உள்ள வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது, குனிந்து நுழைந்தால் அவவின் கிணற்றடி. குட்டி வந்த அன்றைக்கே பொட்டுக்குள்ளால் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, “இது வாயில்லாச் சீவன், நான் ஆருக்கும் மூச்சு விடமாட்டன்” என்று சொல்லி அரைப் போத்தல் பால் கூடத் தந்தா. ஒரு நாளும் காசு கேட்கவில்லை.

அவவின் பச்சை வாளி ஒன்று எப்போதும் என் குசினி வாசலில் இருக்கும். எங்கள் ஒழுங்கையில் மாடு உள்ள வீட்டுக்காரர், மாடில்லாத வீடுகளில் இப்படி வாளி வைத்துவிடுவார்கள். அரிசி கழுவின தண்ணீர், வடித்த கஞ்சி, வாழைப்பழத் தோல், மரக்கறிக் கழிவு எல்லாம் அதற்குள் போகும். காலையில் வந்து எடுத்துப்போய் மாட்டுக்கு வைப்பார்கள், பின்னேரம் கழுவின வாளி திரும்பி வரும். கழுநீரைக் கானுக்குள் ஊற்றுகிறவளை ஒழுங்கையே பேசும். அன்றைக்குக் காலை நான் அடுப்பில் நிற்கையில் குட்டி வாளிக்குள் மூஞ்சையை விட்டு வாழைப்பழத் தோலை நக்கிக்கொண்டிருந்தது. “ச்சீ, அங்கால போ” என்று அதட்டிவிட்டேன், அவ்வளவுதான். பிறகு ஞானக்கா வந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போனா.

டொக்டர் பிள்ளையின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முகப்பைத் தாண்டுமுன் நான் பொட்டுக்குள்ளால் நுழைந்துவிட்டேன். வழமையில் பத்து மணிக்குத்தான் ஞானக்கா அந்த வாளியில் புண்ணாக்குக் கலந்து வைப்பா, இன்னும் நேரம் இருந்தது. கொட்டிலுக்குப் போனால் சிவப்பி வெறும் வாளியை நக்கி நக்கி உருட்டிக்கொண்டு நிற்கிறது. “ஊசி குத்தினதிலை வெருண்டு போச்சு பாவம். அதுதான் நேரத்தோடை வைச்சனான்” என்று ஞானக்கா அதன் கழுத்தைத் தடவினா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னடி பத்மா, பேயைக் கண்டமாதிரி நிக்கிறாய்?”

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த நிமிசத்தில். “கொஞ்ச நாளைக்கு வாளி வைக்க வேண்டாம் அக்கா” என்றுதான் வாயில் வந்தது.

“ஏன், நான் என்ன பிழை விட்டனான்?”

“பிழை ஒண்டும் இல்லை. எறும்பு வருது.”

அவவின் முகம் சுருங்கிப்போயிற்று. வாளியைக் கவிழ்த்து மூலையில் வைத்துவிட்டுச் சாணி அள்ளத் தொடங்கினா. எறும்பாம். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு அந்தப் பொய்தான் கிடைத்தது.

பின்னேரம் றஜிந்தன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் குசினி நிலத்தில் குந்தியிருந்து குட்டியின் வாயை மெல்லத் திறந்து பார்த்தான். நாக்கின் நுனியில் தோல் உரிந்திருந்தது. லொறியில் நின்ற ஒரு நாம்பன் மாடு அன்றைக்கு வழியெல்லாம் நுரை தள்ளிக்கொண்டு வந்தது, வெயிலுக்காக்கும் என்று நினைத்தேன் என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னான். குட்டி அவன் மடியில் தலையை வைத்துக்கொண்டது. அதற்கு அவனைத்தான் பிடிக்கும், நான் வெறும் பால்காரி.

“அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுவம் தம்பி. மருந்து இருக்குமோ தெரியாது.”

“சொன்னால் அவ வனசீவராசிக்குச் சொல்லோணும் அம்மா, அது அவவின்ரை வேலை. பதினெட்டுக்கு இன்னும் ஒன்பது நாள். அதுவரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ.”

“ஞானக்காவின்ரை மாடு?”

“ஊசி போட்ட மாடுதானே. ஒண்டும் வராது.” அவன் அதை நம்பிச் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம் குட்டி போய்விட்டது. இரண்டு வாய் பால் குடித்தது, எழும்பி என்னைப் பார்த்துக்கொண்டு மூன்று அடி வைத்தது, அப்படியே சரிந்தது. நான் தண்ணீர் தெளித்தேன், நெஞ்சைத் தேய்த்தேன், பெயர் வைக்காத சீவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் குட்டி, குட்டி என்று கூப்பிட்டேன். தாயும் இல்லாமல் காடும் இல்லாமல் ஒரு அடுப்படியில் கிடந்து செத்தது. இவர் செத்தபோது மாரடித்து அழச் சொன்னார்கள், எனக்கு வரவில்லை. அன்றைக்கு வந்தது. றஜிந்தன் பின்வளவு முருங்கையடியில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு, கிணற்றடியில் தலையில் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தான். கண்ணைக் காட்டாமல் இருக்கத்தான்.

அழுகைச் சத்தம் கேட்டு ஞானக்கா பொட்டடியில் வந்து நின்றா. வாளிக் கோபம் எங்கே போனதோ தெரியாது. “குட்டி எங்கை?” என்று கேட்டா. தம்பி கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட்டான், அதுதான் மனம் கேட்கவில்லை என்றேன். அவவின் கண் முருங்கையடிக்குப் போய் அந்தப் புதுமண்ணில் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பியது. “நல்ல வேலை செய்தான்” என்று மட்டும் சொன்னா. அடுத்த நாளும் அரைப் போத்தல் பால் வேலிக் கதியாலில் தொங்கியது, குட்டி இல்லையென்றாலும் நீ தேத்தண்ணி போட்டுக் குடி என்று. நான் அதை வாழையடியில் ஊற்றினேன்.

இனி ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. மான் இல்லை, சாட்சி இல்லை. றஜிந்தன் குசினியை மருந்து விட்டுக் கழுவினான். மூன்று நாளும் நான் பாத்திரம் கழுவுகிற சாட்டில் பொட்டடிக்குப் போய்ப் போய்ச் சிவப்பியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடவுளே, அது சும்மா அசை போட்டுக்கொண்டு நின்றால் காணும் என்று கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஞானக்காவின் குரல் கேட்டது. கத்தவில்லை, மாட்டோடு கதைத்துக்கொண்டிருந்தா. “என்னடி அம்மா, ஏன் காலைத் தூக்கிறாய், வாயைக் காட்டு பாப்பம்.” நான் பொட்டடியில் போய் நின்றேன். சிவப்பியின் வாயிலிருந்து வீணீர் நிலம் தொட வடிந்துகொண்டிருந்தது. முன்கால்களை மாறி மாறித் தூக்கியது. மடியில் கறக்க ஒன்றும் இல்லை, வெறும் செம்பு பக்கத்தில் கிடந்தது.

அன்றைக்குத்தான் டொக்டர் பிள்ளையும் வந்தாள். திங்கட்கிழமை பாதி ஒழுங்கையோடு மருந்து முடிந்து, மிச்சத்துக்கு இன்றைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் வரும்போதே எதிர்வீட்டு முத்துக்குமாரு அண்ணை ஞானக்காவின் படலையை மறித்துக்கொண்டு நின்றார். இரண்டு கறவை மாடு வைத்திருக்கிற மனிசன், ஒழுங்கையில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

“ஊசி போட்ட மாடு படுத்திட்டுது. போடாத என்ரை மாடு ரெண்டும் நல்லா நிக்குது. உதுக்கு என்ன சொல்லுறீர்?”

“ஊசியாலை வராது ஐயா. முதலே உள்ளுக்கு இருந்திருக்கு” என்றாள் அவள். குரல் உள்ளுக்குப் போயிருந்தது.

“என்ரை வளவுக்குள்ளை கால் வைக்கப்படாது. இந்த ஒழுங்கையிலை ஒரு மாட்டுக்கும் போட விடமாட்டன். மேலிடத்துக்கும் எழுதப்போறன்.”

அவரைத் தாண்டி உள்ளே வந்து, சிவப்பியின் வாயைக் கையுறையோடு திறந்து பார்த்துவிட்டு, டொக்டர் பிள்ளை ஞானக்காவின் பக்கம் திரும்பினாள். “அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. இந்தக் கிழமை வெளியிலையிருந்து ஏதும் மிருகம் இதுக்குக் கிட்ட வந்ததோ? ஆற்றையும் வளவிலை ஏதும் புதுசா நிண்டதோ? தெரிஞ்சால்தான் மற்ற மாடுகளை நான் காப்பாத்தலாம்.”

ஞானக்கா நிமிர்ந்தா. பொட்டடியில் நின்ற என்னைப் பார்த்தா. எனக்குப் பின்னால் எங்கள் கிணற்றடியில் வாயில் பிரஷ்ஷோடு நின்ற றஜிந்தனைப் பார்த்தா. முருங்கையடிப் பக்கம் அவ பார்க்கவேயில்லை, அதில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. குட்டியை அங்கே தாட்டது செவ்வாய்க்கிழமையே அவவுக்குத் தெரிந்திருக்கிறது.

“ஒண்டும் வரேல்லை” என்றா. “இங்கை எங்கடை வளவுகளிலை ஒண்டும் இல்லை. நீ குத்தின ஊசிதான் பிள்ளை.”

ஒருத்தரையும் ஒரு சொல் நோகப் பேசாத மனிசி. தன்னுடைய மாட்டின் வீணீர் அவவின் சீலைக் கரையில் வடிந்துகொண்டிருக்க, என்னுடைய பிள்ளை பிளேன் ஏற வேண்டும் என்பதற்காக ஆரோ பெற்ற பிள்ளையின் தலையில் பழியைத் தூக்கிப் போட்டா. முத்துக்குமாரு அண்ணை “கேட்டீரோ” என்று ஒழுங்கைக்குக் கேட்கச் சொன்னார். டொக்டர் பிள்ளை ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து, திரும்ப மூடி, திரும்பத் திறந்தாள். அந்தப் பெட்டிக்குள் இருந்த மருந்து மிச்ச மாடுகளுக்கு. அது திரும்பிப் போகப்போகிறது.

நான் பொட்டுக்குள்ளால் நுழைந்தேன்.

“டொக்டர், திங்கக்கிழமை நீங்கள் கேக்கேக்கை நான் பொய் சொன்னனான். என்ரை குசினிக்குள்ளை மான்குட்டி ஒண்டு நிண்டது.”

“பத்மா, விசர்க்கதை கதையாதை” என்று ஞானக்கா குறுக்கே வந்தா. “பிள்ளை, அவளுக்குப் பிரஷர், நித்திரையும் இல்லை, என்ன கதைக்கிறன் எண்டு அவளுக்கே தெரியாது.”

“எனக்குத் தெரியும் அக்கா. கழுநீர் வாளிக்குள்ளை வாய் வைச்சது. அந்த வாளியைத்தான் நீங்கள் சிவப்பிக்கு வைச்சனீங்கள். ஊசியாலை இல்லை. இந்தப் பிள்ளையாலை இல்லை.” சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. “எறும்பு எண்டு சொன்னன், காட்டிலை விட்டது எண்டு சொன்னன், எல்லாம் பொய்.”

ஞானக்கா என் கையைப் பிடித்திருந்தா. விடுவா என்று நினைத்தேன். இன்னும் இறுக்கினாவே தவிர விடவில்லை. “பெடியன் போகோணுமேடி” என்று என் காதடியில் சொன்னா. அவவும் அழுதா.

டொக்டர் பிள்ளை ஐஸ் பெட்டியை மூடி நிலத்தில் வைத்துவிட்டு, “இப்ப எங்கை அது?” என்றாள்.

“செத்துப்போச்சு. முருங்கையடியிலை தாட்டிருக்கு.”

“அதை எடுத்து மாதிரி அனுப்பினால்தான் இந்த நோயெண்டு எழுதலாம். அப்ப ஐயாவும் நம்புவார், மாட்டுக்குப் போட விடுவார்.” முத்துக்குமாரு அண்ணை எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அவள் என்னை நேரே பார்த்தாள். “ஆனால் மானெண்டு எழுதினால் நான் மறைக்கேலாது அன்ரி. அறிவிக்க வேண்டிய இடத்துக்கு அறிவிக்கத்தான் வேணும். ஆர் கொண்டந்தது எண்டு கேப்பினம்.”

நான் கொண்டுவந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது இன்னொரு பொய்யாக இருந்திருக்கும். ஆனாலும் சொல்லத்தான் போனேன், தாய்தானே.

கிணற்றடியில் றஜிந்தன் வாயைக் கொப்பளித்துத் துப்பும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவினான், சாரத்தை மடித்துக் கட்டினான், சுவரோரம் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஒருத்தர் முகத்தையும் பாராமல் முருங்கையடிக்குப் போனான். “நான்தான் கொண்டந்தனான் டொக்டர்” என்று அங்கிருந்து சொன்னான். “கிட்ட வராதேங்கோ. நான் எடுத்துத் தாறன்.”

டொக்டர் பிள்ளை பொட்டுக்குள்ளால் குனிந்து வந்து, அவனுக்கு ஒரு சோடி கையுறையும் மூக்குக்கு ஒரு துணியும் நீட்டினாள். அவன் போட்டுக்கொண்டான். முதல் நாலைந்து தரம் மண்வெட்டியால் வெட்டினான். பிறகு அதை ஒரு பக்கம் சாய்த்து வைத்துவிட்டு முழங்காலில் குந்தி, கையாலேயே மண்ணை விலக்கத் தொடங்கினான், எங்கேயும் பட்டுவிடாமல். நாங்கள் மூன்று பெண்களும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். செம்மண்ணுக்குள்ளிருந்து முதலில் அதன் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரிந்தன.